1752, ஒரு பக்கம்

கோச்சிங் சென்டர்காரர் கேட்டது
ஆண்டுக்கு ஒரு பக்கம்:
நிகழ்வு, பிறப்பு, இறப்பு.
மணிமேடைக்குப் பக்கத்து மாடியறையில்
பக்கத்துக்கு அறுபது ரூபாய்க்கு
தட்டச்சு செய்கிறேன்.
இன்று ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு.

ஜூன்.
கடலுக்கு அப்பால் ஒருவர் இடிமழையில் பட்டம் விட்டார்.
மேகத்து மின்சாரம் நூல்வழி நடந்து
ஒரு சாவிக்கு வந்து சேர்ந்ததாம்.
இரண்டு மதிப்பெண் கேள்வி.

அதே ஆண்டு, ராஜாக்கமங்கலத்துப் பக்கம்,
மின்னல் நூல் கேட்கவில்லை. நேரே பனையில் இறங்கியது.
மேலே மாசானமுத்து இருந்தார்,
இடுப்பில் பாளைக்கத்தி, கலயத்தில் பாதிப் பதநீர்.
இதற்கு ஆதாரம் கிடையாது. நான் இட்டுக்கட்டியது.
எந்த ஆண்டிலும் ஒரு பனை எரிந்திருக்கும்,
அதில் யாரோ ஏறியிருப்பார்.
தட்டினேன்.
அழித்தேன்.

ஜூலை. பிரான்சில் நெசவுக்காரர் வீட்டில் ஆண் குழந்தை.
துளையிட்ட அட்டைகளைக் கோத்து
தறியைத் தானே பூப்போட வைக்கப்போகிறவன்.
அன்றைக்கு அது அழுதது, குடித்தது, நனைத்தது.
தொட்டிலைப் பார்த்து யார் இதையெல்லாம் எழுதினார்கள்?
பிறப்புப் பட்டியல் முழுக்க
செத்த பிறகு எழுதுவதுதான்.

திருச்சிராப்பள்ளியில் முற்றுகை.
வியன்னாவில் விலங்குக்காட்சி சாலை.

பிறகு செப்டம்பர்.
இங்கிலாந்து தன் நாட்காட்டியை மாற்றிக்கொண்டது.
இரண்டாம் தேதி புதன் இரவு படுத்தவர்கள்
எழுந்தபோது பதினான்காம் தேதி, வியாழன்.
கிழமைமேல் யாரும் கைவைக்கவில்லை.
தேதிகள் மட்டும் பதினொன்று, போயே போச்சு.
அஞ்சுதெங்குக் கோட்டையில் மிளகுக் கணக்கு எழுதினவர்
அந்த மாதம் வட்டியை எப்படிப் போட்டாரோ.
மூன்று முதல் பதின்மூன்று வரை
அந்த நாட்டு ஏட்டில்
ஒரு பிறப்பு இல்லை, ஒரு சாவு இல்லை.

இங்கே யாருக்கும் எதுவும் குறையவில்லை.
கொல்லம் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு.
ஆவணி கழிந்து புரட்டாசி வருகிறது,
நாஞ்சில் வயலில் கன்னிப்பூ அறுப்பு.
கடற்கரையில் பாதிரியார் சொல்வதுதான் தேதி.
எட்டாம் தேதி, மாதா பிறந்த திருநாள்.

அன்று கடியபட்டணத்தில்
பெப்புருனியாளுக்கு விடியுமுன்பே வலி.
பெண்.
கோயில் மணி தனக்காக அடித்ததாகவே
அவள் நினைத்துக்கொண்டாள்.
பன்னிரண்டாம் தேதி அந்தியில்
கரைமடி இழுத்து முடியவில்லை இன்னும்,
கைக்குள் மூச்சு நின்றது.

இதுவும் என் கற்பனைதான்.
இதை அழிக்க விரல் போகவில்லை.

நான்கு நாள். முழுதாக அந்தப் பதினொன்றுக்குள்.
லண்டன் ஏட்டைப் புரட்டிப் பார்த்தால்
அவள் பிறக்கவே இல்லை.
ஆகையால் சாகவும் இல்லை.

நாகர்கோவில் நகராட்சியில்
(அப்போது அது நகராட்சி)
ஒரே வரிசையில் நின்று
ஒரே ஜன்னலில்
இரண்டு சான்றிதழ் வாங்கினேன்.
உள்ளேயிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்:
"எம்மா, பிள்ளைக்குப் பேரு?"
"வைக்கல."
நிமிர்ந்தார்.
இரண்டு தாளிலும் ஒவ்வொரு கோடு போட்டார்.
மை காயுமுன் மடித்துவிட்டேன் போல,
வீட்டில் வந்து பிரித்தால்
ஒன்றின் முத்திரை மற்றதில்
தலைகீழாக ஒட்டியிருந்தது.

போன் அடிக்கிறது.
"மக்களே, பக்கம் முடிஞ்சா?"
"கீழ மூணு வரி சும்மா கெடக்கு."
"சும்மா விடாத, புள்ளிவரி போட்டுரு.
பிள்ளைய குறிப்பு எழுதட்டு."

போட்டேன்.

அடுத்தது ஐம்பத்து மூன்று.
அறுபது ரூபாய்.